முருகானந்தத்தின் ஏழாவது விதி

பத்திர எழுத்தர் முருகானந்தத்தைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். பழையவர்கள், புதியவர்கள். பழையவர்கள் என்றால் அவருக்குத் தெரிந்தவர்கள், அல்லது தெரிந்தவர்கள் மாதிரியே பேசத் தெரிந்தவர்கள். மிச்சமிருக்கும் அத்தனை பேரும் புதியவர்கள். அவர்களில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பாதி மடையர்கள் என்பது அவருடைய தீர்மானம். தன்னை எந்தப் பாதியில் வைத்திருந்தார் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

திருச்சியில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஒரு பீரோவைப் படுக்கப் போட்டால் நிறைந்துவிடும் அறையில் இருபத்திரண்டு வருடங்களாக அவர் பிழைப்பு நடக்கிறது. வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் முசிறிப் பக்கம், குடியிருப்பது எடமலைப்பட்டி புதூர். கிரயம், தானம், பாகப்பிரிவினை எதுவானாலும் எழுதுவார். நன்றாகவே எழுதுவார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் எழுத வந்தவர்களை அவர் நடத்துகிற அழகை ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விடிகாலையில் பஸ் ஏறி வந்த கிழவருக்குப் பட்டாவில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயரும் இருந்துவிட்டால் போதும், அந்த மனிதர் தன் காலைப்பொழுதைக் கெடுப்பதற்கென்றே பெயரை மாற்றி வைத்துக்கொண்டு வந்தவர் என்பதுபோல முறைப்பார். படிக்காத ஜனங்கள் என்று அவர்கள் காதுபடவே சொல்வார். அவர் படித்தது பிளஸ் டூ, அதுவும் இரண்டு தவணையில்.

பத்திரம் பதிய இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதிக் கொடுப்பவர் இன்னார்தான், இவரை எங்களுக்குத் தெரியும் என்று அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஊரிலிருந்து வருகிறவர்கள் பல நேரம் ஒரு ஆளோடு வந்துவிடுவார்கள். அப்போது முருகானந்தம் அறை வாசலில் நின்று டீக்கடைப் பக்கம் பார்த்து, "யோவ் பிச்சை" என்பார். பிச்சை அறுபதைத் தாண்டியவர். டீ கிளாஸை வைத்துவிட்டு வருவார். அதுவரை கண்ணால் பார்த்திராத ஒருவரை நன்கு தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி டீக்கடைக்குப் போவார். அப்படி அவருக்குத் 'தெரிந்தவர்கள்' இந்த ஜில்லாவில் சில ஆயிரம் பேர் இருப்பார்கள்.

பிச்சைக்கு அந்த அறையில் உட்கார நாற்காலி கிடையாது. நின்றபடியே கையெழுத்து, நின்றபடியே டீக்காசு. மூன்று வருடம் முன்பு பிச்சை ஒரு வாடகை வீடு பார்த்தார். தெரிந்த பெரிய மனிதர் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தருகிறேன் என்றார் வீட்டுக்காரர். பிச்சை தயங்கித் தயங்கி முருகானந்தத்திடம் வந்து, ஒரு போன் பேச முடியுமா என்று கேட்டார். முருகானந்தம் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உன்னை எனக்கு டீக்கடை வாசல்லதான்யா தெரியும். அதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது?"

பிச்சை சரிங்க என்று போய்விட்டார். வீடு கிடைக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல யாரோ ஒருவரைத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டார்.

இந்த முருகானந்தத்துக்குள் ஒரு பைத்தியம் உண்டு. கிரிக்கெட் அட்டை. முன்பு பபிள்கம் வாங்கினால் கூடவே ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை ஒன்று வரும். மொத்தம் நூற்றிருபது. பிளஸ் டூ படித்த காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிச் சேர்த்ததை அவர் இன்னும் விடவில்லை. அந்த அட்டைகளில் நாற்பத்தொன்றாம் எண் அட்டைக்குத் தனி மவுசு. முதலில் அச்சானவற்றில் படம் புரண்டு விழுந்து, இடது கை ஆட்டக்காரர் வலது கையால் ஆடுவார். சில நாட்களில் கம்பெனிக்காரர்கள் திருத்திவிட்டார்கள். திருத்தாத நாற்பத்தொன்று ஒருவனிடம் இருந்தால் அட்டை சேர்க்கிறவர்கள் அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். முருகானந்தத்திடம் இருந்தது. வீட்டில் வைத்தால் மனைவி வேணி பழைய பேப்பரோடு போட்டுவிடுவாள் என்ற பயத்தில் அதை அலுவலக மேசை டிராயரில் பூட்டி வைத்திருந்தார். பூட்டின டிராயரைப் படம் எடுத்து, 'பாதுகாப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று எழுதி முந்நூற்று எண்பது பேருக்கு அனுப்பவும் செய்தார். பொருள் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே சொல்லுவதும் ஒரு பாதுகாப்பு போலும்.

முந்நூற்று எண்பது பேர் என்பது 'அட்டை மன்னர்கள்' என்ற வாட்ஸ்அப் குழு. அட்டையைக் காட்டி, பேசி, தபாலிலோ கூரியரிலோ மாற்றிக்கொள்கிறவர்கள். முருகானந்தம்தான் அட்மின். ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேர் அட்டையை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டியதும், இவர் உட்கார்ந்து புதியவர்களுக்கு விதிகள் எழுதினார். தொழில் புத்தி போகுமா? பத்திர நடையிலேயே எழுதினார். 'மேற்படி குழுவில் சேரும் நபர், இதன் பிறகு புதியவர் என்று அழைக்கப்படுபவர்' என்றுதான் ஆரம்பமே.

புதியவர் முப்பது நாள் வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். பழைய உறுப்பினர் இருவர் 'நன்கு தெரியும்' என்று பரிந்துரை செய்ய வேண்டும், அதுவரை அவர் பெயருக்கு நேரே நம்பகமானவர் என்ற நட்சத்திரம் கிடையாது. அட்டையை அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். பேச்சைக் குழுவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பழையவரோடு மாற்றும்போது புதியவர்தான் முதலில் அனுப்ப வேண்டும். ஏழாவது விதி, பரிந்துரை செய்தவர் பற்றியது. அவர் பரிந்துரைத்த நபர் ஏமாற்றிவிட்டால், இழந்த அட்டைக்கு ஈடான அட்டையைத் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆவார். இது போதாதென்று, ஏழு விதிகளையும் புதியவர் தன் கைப்பட எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு இரண்டு பிரதி அனுப்ப வேண்டும். முருகானந்தம் எதிர்க் கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரையும் குத்தி ஒன்றைத் திருப்பி அனுப்புவார். வேடிக்கைதான். ஆனால் இதில் பல விதிகள் நல்ல விதிகள் என்பதும் உண்மை. மோசமாக இருந்தது அவற்றைக் கையில் வைத்திருந்த ஆள்.

இருவர் பரிந்துரை என்ற விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடத்துக்கு முன் பூவரசன் என்று ஒருவன் சேர்ந்தான். ஸ்ரீரங்கம் மேலச்சித்திரை வீதி என்றான். 'அடியேன்' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான், 'ரங்கன் கிருபை' என்று முடிப்பான். தினமும் காலையில் ராஜகோபுரத்தின் படம் ஒன்று, கூடவே வணக்கம். முருகானந்தம் உருகிவிட்டார். மண்ணச்சநல்லூரிலிருந்து சேர்ந்த வாழைக்காய் வியாபாரியை மூன்று மாதம் அலைக்கழித்த அதே மனிதர், அடியேன் என்றவனுக்கு ஐந்தாம் நாளே 'எனக்கு நன்கு தெரிந்தவர்' என்று எழுதினார். அட்மினே சொன்ன பிறகு இன்னொருவர் யோசிப்பாரா? இரண்டாவது பரிந்துரையும் விழுந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் அரை மணியில் ஸ்ரீரங்கம். நான்கு வருடத்தில் ஒரு நாள் போய் அந்த முகத்தைப் பார்க்க முருகானந்தத்துக்குத் தோன்றவில்லை. பிச்சையை அழைத்து அழைத்து, பார்க்காத ஆளைத் தெரியும் என்று எழுதுவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகியிருந்தது.

ஹஃப்ஸா குழுவில் சேர்ந்தது இந்த வருடம். பாலக்கரைக்காரி, வயது முப்பத்தெட்டு, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாயின் மேல் ஒட்டிய பெயரைக் கண்ணால் ஒரு தடவை, வாய்விட்டு ஒரு தடவை படித்த பிறகே அடுத்த குழாயைத் தொடுகிறவள். அவளும் அண்ணன் ஆரிஃபும் சிறுவயதில் சேர்த்த ஆல்பத்தில் நூற்றுப் பத்தொன்பது அட்டை இருந்தது. எண்பத்தெட்டு மட்டும் இல்லை. திருத்தாத நாற்பத்தொன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவனுக்குத் தன் புது ஜியாமெட்ரி பாக்ஸையே கொடுத்து ஆரிஃப் வாங்கியது அது. அதற்காக அத்தாவிடம் அடியும் வாங்கினான். இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். லீவில் வந்தால் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஆல்பத்தைத் திறப்பான். அடுத்த மாதம் வருகிறான். வருவதற்குள் எண்பத்தெட்டையும் சேர்த்து முழு ஆல்பமாகக் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

முப்பது நாள் பார்த்தாள், கைப்பட எழுதினாள், முத்திரை குத்திய பிரதியும் வந்தது. பிறகு குழுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். புதியவர்களுக்குச் சாட்சி கேட்கிறீர்கள், பழையவர்களை யார் பார்த்தது?

முருகானந்தத்துக்குச் சுருக்கென்று தைத்தது. நேற்று வந்தவர்கள் கேள்வி கேட்பதற்கு முன் நூற்றிருபது வரை எண்ணக் கற்றுக்கொள்ளட்டும் என்று பதில் போட்டார். நாற்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். பூவரசன்கூட, 'அடியேனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது' என்று எழுதினான். அவனுக்கு ஏன் வராது?

எண்பத்தெட்டு பூவரசனிடம்தான் இருந்தது. நாற்பத்தொன்றைக் கொடுத்தால் எண்பத்தெட்டோடு இன்னும் ஆறு நல்ல அட்டை தருவதாகச் சொன்னான். ஹஃப்ஸா நான்கு நாள் யோசித்தாள். முழு ஆல்பத்தில் திருத்தின நாற்பத்தொன்று இருந்தாலும் அண்ணன் கோபிக்க மாட்டான், அந்த ஆறில் அதுவும் ஒன்று என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். விதிப்படி முதலில் அனுப்பினாள். கூரியர் ஆபீஸில் ஆள் வந்து வாங்கிப் போனதாகத் தகவல் வந்தது. மறுநாள் காலை கோபுரப் படம் வரவில்லை. அதற்கு மறுநாள் பூவரசன் குழுவிலேயே இல்லை.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அழுதாள், ஆனால் உட்காரவில்லை. பழைய உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, பூவரசனைப் பரிந்துரைத்தது யார் என்று கேட்டாள். அவரிடமே வாங்கி, நான்கு வருடத்துக் கோபுரப் படங்களை வரிசையாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கீழே அதே மஞ்சள் ஆட்டோ, அதே இளநீர் வண்டி, இளநீர் வண்டியின் மேல் அதே காக்கா. ஒரே படத்தை நான்கு வருடமாக அனுப்பியிருக்கிறான். முந்நூற்று எண்பது மன்னர்களும் தினமும் அதற்குக் கும்பிடு போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி மேலச்சித்திரை வீதிக்குப் போனாள். அவன் கொடுத்த கதவு எண் அந்த வீதியிலேயே இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்ற பெரியவர், "அந்தப் பேர்ல இங்க யாருமே இல்லையேம்மா, நான் பொறந்ததுலேர்ந்து இங்கதானே இருக்கேன்" என்றார். அரை மணி பஸ், பத்து நிமிஷ விசாரணை. இவ்வளவுதான் வேலை.

இரவு குழுவில் இதை எழுதினாள். முருகானந்தம் உடனே அதை அழித்தார். குழுவின் மானம் போய்விடுமாம். காலையில் எழுந்ததும் விதிகளைத் திறந்து, ஏழாவது விதியில் 'பரிந்துரை செய்தவர்' என்பதற்குப் பக்கத்தில் 'அட்மின் நீங்கலாக' என்று சேர்த்தார். ஒரு திருத்தம், இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் என்று தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டார். இன்னும் இரண்டு வேளையில் அந்தப் பெண் மறந்துவிடும் என்று நினைத்தார்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண் அவர் அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முத்திரையில் விலாசம் இருந்ததே.

அவர் அவளை யாரோ பார்ட்டி என்று நினைத்து, காத்திருக்கும்படி கையைக் காட்டினார். அவருக்கு எதிரே மருங்காபுரியிலிருந்து மகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுத வந்த விவசாயி ஒருவர். கூட ஒரே ஒரு ஆள். முருகானந்தம் வாசலுக்குப் போய் பிச்சையைக் கூப்பிட்டு, விவசாயியைக் காட்டினார்.

"கேட்டா பத்து வருஷமா தெரியும்னு சொல்லு. டோக்கன் கூப்பிடற வரைக்கும் எங்கயும் போயிடாத."

பிச்சை தலையாட்டிவிட்டுச் சுவரோரம் நின்றார். ஹஃப்ஸா பெஞ்சிலிருந்து அதை முழுக்கப் பார்த்தாள்.

"பூவரசனையும் இப்படித்தான் தெரியுமா சார்?" என்றாள்.

அவள் யார் என்று முருகானந்தத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு பூசி மெழுக ஆரம்பித்தார். ஆன்லைன் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், நாமதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், சைபர் கிரைமில் ஒரு புகார் கொடுங்கள் என்றார். அதைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன் என்றாள் அவள். பையிலிருந்து அந்தக் கையெழுத்துப் பிரதியை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்துக்குப் பக்கம் அவள் கையெழுத்து, அதன் கீழே அவர் கையெழுத்து, முத்திரை, தேதி. ஏழாவது விதியில் 'அட்மின் நீங்கலாக' இல்லை.

ஆயிரக்கணக்கானவர்களிடம் அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்று வாய் ஓயாமல் சொன்னவர், தன் முத்திரையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சேர்த்த இரண்டு வார்த்தைகளும் போனுக்குள் இருந்தன. காகிதம் மேசை மேல் இருந்தது.

"அட்டை டிராயர்லதான இருக்கு சார்? நீங்களே படம் போட்டிருக்கீங்க."

அவர் கை தானாக டிராயர் பூட்டின் மேல் போனது. முப்பது வருடத்து அட்டை. அது போனால் குழுவில் அவர் யார்? எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிற ஒரு பத்திர எழுத்தர், அவ்வளவுதான். உடனே குரலை மாற்றிக்கொண்டார். கொடுக்க மாட்டேன் என்று யார் சொன்னது, விதி என்றால் விதிதான், ஆனால் அதைப் பத்திரமாக உறையில் போட வேண்டும், அடுத்த வாரம் கூரியரில் வந்துவிடும் என்றார். என்னை நம்பலாம் என்றும் சொன்னார்.

"எனக்கு நீங்க புதுசு சார். புதுசா வர்றவங்களை ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும். நீங்கதான எழுதியிருக்கீங்க?"

முருகானந்தம் சிரித்தார். உண்மையிலேயே அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தெருவில் தன்னைத் தெரியாதவன் உண்டா? இருபத்திரண்டு வருடம். ரெண்டு பேர் என்ன, இருநூறு பேரைக் கொண்டுவந்து நிறுத்துவார். சுவரோரம் நின்றவர் பக்கம் திரும்பாமலே விரலைச் சொடுக்கினார்.

"யோவ் பிச்சை, நான் யாருன்னு இந்தம்மாகிட்ட சொல்லு."

பிச்சை சுவரோரத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார். முருகானந்தம் திரும்பிப் பார்த்தார். மருங்காபுரி விவசாயியும் பார்த்தார். பிச்சை தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹஃப்ஸாவைப் பார்த்துச் சொன்னார்.

"இவரு சொன்னாருன்னு எத்தனையோ பேரைத் தெரியும்னு எழுதியிருக்கேம்மா. இவரைத் தெரியும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. டீக்கடை வாசல்ல பாத்திருக்கேன். அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

மூன்று வருடம் முன்பு தான் சொன்ன வார்த்தைகள் என்பது முருகானந்தத்துக்கு முதலில் நினைவு வரவில்லை. வந்தபோது காது மடல் இரண்டும் சூடாகின. அறைக்கு வெளியே பார்த்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் இருந்தார், ஸ்டாம்ப் வெண்டர் இருந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர்களையும் அவர் சொடுக்கித்தான் கூப்பிட்டிருக்கிறார். இப்போது யாரையும் கூப்பிட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அவர்களும் பிச்சை சொன்னதையே சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சாவி பூட்டில் திரும்பியது.

ஹஃப்ஸா அட்டையை விளிம்பில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஆட்டக்காரர் வலது கையால்தான் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு துண்டுச்சீட்டில் அன்றைய தேதியை அவரையே எழுதச் சொல்லி, அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. வாசலில் பிச்சையைப் பார்த்து மட்டும், "வரேங்க" என்றாள்.

அவள் போன பிறகும் முருகானந்தம் திறந்த டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு ஸ்டேப்ளரும் காய்ந்துபோன மை பேடும் கிடந்தன. விவசாயி மெதுவாகச் செருமி, தன் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்போதுதான் அலுவலகத்திலிருந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். பிச்சை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விவசாயியோடு தெருவைக் கடந்தார். உள்ளே போய், மருங்காபுரிக்காரரைப் பத்து வருடமாக நன்கு தெரியும் என்று கையெழுத்துப் போட்டார்.